அங்கம்மாவின் பதினைந்து சொற்கள்

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டப் பாதையில் முக்கால் மணி நேரம் கீழே நடந்தால், தொழிலாளர் வரிசை வீடுகளில் இரண்டாவது லயம் வரும். அதில் குடும்பத்துக்கு ஓர் அறை, காம்பரா. ஐந்தாவது காம்பராவில் அங்கம்மாவும் அவள் புருசன் லிங்கமும் இருந்தார்கள். அங்கம்மாவுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தவள். லிங்கத்துக்கு எழுபத்தொன்று. தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், இலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளி, சூடு பார்த்து, அந்த வேலையிலேயே தலை நரைத்தவர்.

அங்கம்மா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் கலியாணம். அதற்கு இரண்டு வருசம் கழித்து அவளுடைய அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள் எல்லோருக்கும் இந்தியாவுக்குப் போகும்படி அரசாங்கத்துக் கடிதம் வந்தது. புருசன் வீட்டார் இங்கேயே இருக்கிறதென்று பிரஜாவுரிமைக்குப் பதிந்திருந்ததால் அவள் மட்டும் நின்றாள். அப்புத்தளை ஸ்டேசனில் கோச்சி புறப்படும்போது மேடை முழுக்க ஒப்பாரி. அங்கம்மா இடுப்பில் கைப்பிள்ளையோடு நின்று பார்த்தாள். கோச்சி வளைவில் மறைந்ததும், "உலை வைக்கணும்" என்று சொல்லித் திரும்பி நடந்தாள். அந்தப் பெண் பிள்ளை ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அதற்கும் மூன்றாம் நாள் அங்கம்மா காலைப் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் பெயர் கொடுத்தாள். ஆறு வருசம் கழித்துக் கிரிஷாந்தன் பிறந்தான். இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த கடிதம் அதற்குள் நின்றுபோயிருந்தது.

"கெட்டிக்காரி. எதுக்கும் கலங்க மாட்டா," என்று லிங்கம் பெருமையாகச் சொல்வார். அவர் எல்லாவற்றுக்கும் கலங்குகிறவர். சாமி ஊர்வலத்தில் மேளம் அடித்தால்கூடக் கண் நிறைந்துவிடும்.

லிங்கத்தின் மறதி மூன்று வருசத்துக்கு முன்னால் தொடங்கியது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய் வெறும் வாளியோடு திரும்பி வந்தார். கொழும்பில் வேன் ஓட்டுகிற, நாற்பது வயதை நெருங்கிய கிரிஷாந்தனுக்கு ஓ.எல். பரீட்சை முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். ஒருநாள் பெரகல கடைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் சந்தியிலேயே நின்றார். தெரிந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். கிரிஷாந்தன் லீவு போட்டு வந்து இருவரையும் பதுளைக்குக் கூட்டிப்போனான்.

அங்கே தயாபரன் என்ற டொக்டர் லிங்கத்தைப் பார்த்தார். ஆரம்பக் கட்ட மறதி நோய் என்றார். மாத்திரை எழுதினார். பிறகு, வயதானவர்களின் ஞாபகத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தார் பதுளையில் ஓர் ஆய்வு நடத்துவதாகவும், தானும் அதில் இருப்பதாகவும் சொன்னார்.

"இது வைத்தியம்னு நான் சொல்ல மாட்டேன். சோதிச்சுப் பாக்குறோம், அவ்வளவுதான். தலையில ஊசி போடுறதில்ல, வெட்டுறதில்ல. உப்புத் தண்ணியில நனைச்ச ரெண்டு பஞ்ச தலையில வச்சுப் பட்டியால கட்டுவோம். சின்ன பெட்டரியில இருந்து கொஞ்சூண்டு கரண்ட் போகும். இருபது நிமிசம். அந்த நேரத்துல ஞாபகப் பயிற்சி செய்யணும்."

"ஷொக் அடிக்காதுங்களா?" என்று அங்கம்மா கேட்டாள்.

"டோர்ச் எரியிறதுக்கு வேணுமே, அதவிடக் கொறவும்மா. குறுகுறுன்னு இருக்கும். சில பேருக்குத் தலை வலிக்கும். வேணாம்னா எந்த நேரமும் நிப்பாட்டலாம்." டொக்டர் லிங்கத்தின் பக்கம் திரும்பினார். "இன்னொரு விசயம் ஐயா. பாதிப் பேருக்குத்தான் உண்மையிலேயே கரண்ட் போகும். மத்தப் பாதிப் பேருக்கு ஆரம்பத்துல மட்டும் குறுகுறுத்துட்டு மெசின் நின்னுடும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, மெசின் வைக்கிற பிள்ளைக்கும் தெரியாது. எல்லாம் முடிஞ்ச பொறகுதான் சொல்லுவாங்க."

"லொத்தர் சீட்டு மாதிரி," என்றார் லிங்கம். டொக்டர் சிரித்தார். லிங்கம் கையெழுத்துப் போட்டார்.

வாரத்தில் மூன்று நாள், நான்கு வாரம். பெரகலவில் காலை பஸ் பிடித்தால் பதுளை போய்ச் சேரப் பத்து மணி தாண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏற்றத்தில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியை ஆய்வுக்காக எடுத்திருந்தார்கள். லக்ஷனா என்ற பெண்தான் மெசின் வைக்கிறவள். இருபத்தேழு வயது, ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள். முதல் நாள் லிங்கத்தின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, அடுத்த தடவ எண்ணெ வைக்காம வரணும். எண்ணெ இருந்தா கரண்ட் எறங்காது."

நெற்றித் திருநீற்றையும் துடைக்க வேண்டியிருந்தது. லிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. முடிந்ததும் திரும்பப் பூசிக்கொள்ளலாம் என்று லக்ஷனா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அதற்கென்று அங்கம்மா ஒரு காகிதத்தில் திருநீறு மடித்துக்கொண்டு போகத் தொடங்கினாள்.

பயிற்சி இதுதான். லக்ஷனா பதினைந்து சொற்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். கதவு, எலுமிச்சை, பாலம், தலையணை, ஆடு, சீப்பு இப்படி. கேட்டு முடித்ததும் ஞாபகம் இருப்பதைச் சொல்ல வேண்டும். திரும்பவும் வாசிப்பாள். திரும்பவும் சொல்ல வேண்டும். அரை மணி கழித்து, வாசிக்காமலேயே கேட்பாள்.

லிங்கம் முதல் வாரம் நான்கு சொன்னார். இரண்டாம் வாரம் ஆறு. சொல்லும்போது விரல் மடித்து எண்ணிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி லக்ஷனாவின் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் சிரிப்பார். பஸ்ஸில் வரும்போது, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு புள்ள. எனக்கு நெச கரண்டுதான்," என்று அங்கம்மாவிடம் சொல்வார். அந்த நாள்களில் அவர் பழைய லிங்கமாக இருந்தார். பேக்டரிக் கதைகளைச் சொன்னார். பெயர்களும் சரியாக வந்தன.

இரண்டாம் வாரத்துக் கடைசி நாள் லக்ஷனா அங்கம்மாவிடம் வந்தாள். அங்கம்மா சுவரோரம் பிளாஸ்டிக் கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்களும் எனக்கு ஒரு ஒதவி செய்யணும். ஒத்துப் பாக்குறதுக்கு, ஒரே வயசுல, ஞாபகம் நல்லா இருக்கிறவங்க கொஞ்சப் பேர் வேணும். பெரும்பாலும் கூட வர்றவங்களத்தான் கேக்குறோம். மெசின் ஒண்ணும் இல்ல. சும்மா பதில் சொன்னாப் போதும்."

"எனக்குப் படிப்பு இல்ல புள்ள."

"படிப்பு வேணாம்மா. நான் வாசிப்பேன், நீங்க சொல்லுங்க."

லக்ஷனா பதினைந்து சொற்களை வாசித்தாள். லிங்கத்துக்கு வாசித்ததில்லை, வேறு பதினைந்து. முடித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள்.

"குடை," என்றாள் அங்கம்மா. சிறிது நேரம் கழித்து, "குடை. ஒரு மீனு."

"இன்னும் ஏதாவது?"

"அவ்வளவுதான்."

சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று லக்ஷனா நினைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து உரக்க வாசித்தாள். மூன்று சொற்கள் வந்தன. ஐந்தாம் முறையும் மூன்றுதான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கெழம," என்றாள் அங்கம்மா. அது சரி. என்ன மாதம் என்றதற்கு ஐப்பசி என்றாள். அப்போது மாசி. அரை மணி கழித்துச் சொற்களைக் கேட்டபோது, "எந்தச் சொல்லு?" என்று கேட்டாள்.

அடுத்த கதிரையில் லிங்கம் தன்னுடைய ஆறு சொற்களைச் சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டொக்டர் தயாபரன் அங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். இரத்தம் எடுத்தார்கள். காது பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். லிங்கத்தின் மாத்திரைப் பையை வாங்கி டொக்டர் மேசையில் கொட்டினார். காலை மாத்திரை அட்டையில் இருக்க வேண்டியதைவிடப் பதினொன்று அதிகமாக இருந்தது. இரவு மாத்திரையில் நான்கு குறைந்தது.

"அம்மா, ஐயாவுக்கு மருந்து யார் குடுக்குறது?"

"நாந்தாங்க."

"மறந்து போறது உண்டா?"

அங்கம்மா மாத்திரை அட்டையைப் பார்த்தாள். "குடுத்தேன்னுதான் நெனைக்கிறேன்."

அவளுக்கும் மறதி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்டது லிங்கத்தைப் பற்றி. அவள் பேசுவதோ எப்போதும் இரண்டு சொல்தான். தினமும் அதே சோறு, அதே பருப்பு, அதே கீரை. மறந்தாலும் கை செய்துவிடும். பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா, "அக்கா, அடுப்புல என்னாமோ கருகுது," என்று சொல்லாத வாரம் இல்லை என்பதைக் கிரிஷாந்தன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் இருந்தது. லக்ஷனா வாசித்தாள்.

"மனசு கவலையா இருக்கா?"

"இல்ல."

"அழுக வருதா?"

"இல்ல."

"செத்துப் போயிட்டா நல்லதுன்னு தோணுதா?"

"இல்ல புள்ள."

கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதே பதில். தாளில் பூச்சியம் விழுந்தது. பூச்சியம் என்றால் மனச்சோர்வு இல்லை என்று அர்த்தம். ஞாபகக் குறை மட்டும் இருக்கிறது என்று எழுதி, அங்கம்மாவையும் ஆய்வில் சேர்க்கலாமா என்று டொக்டர் கேட்டார். யோசித்துச் சொல்லலாம் என்றார். அங்கம்மா யோசிக்கவில்லை. "எப்படியும் இவரோட வரத்தானே வேணும்," என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிஷாந்தன் வந்தான். காம்பராவில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா சொல்லல?"

"என்னாத்த?"

"ஒங்களுக்கும் இப்படி இருக்குன்னு."

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. வயசு."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. லிங்கம் எழுந்து வந்து மகன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அங்கம்மா அவனுக்குச் சோறு போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்புக்கு வரும்படி அவன் கூப்பிட்டான். அவன் இருந்தது ஒரே அறை, மனைவியும் இரண்டு பிள்ளைகளும். லிங்கம் வர மாட்டேன் என்றார். கடைசியில் கருப்பம்மா காலையும் மாலையும் வந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்று முடிவானது.

லிங்கத்துக்கு மிச்சம் இருந்த ஒரு வாரமும் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்கள். பிறகு மூன்று வாரம் அங்கம்மாவுக்கு மட்டும். அதற்கும் லிங்கம் கூடவே வந்தார். அவரைத் தனியே விட முடியாது.

பஞ்சைக் கட்டும்போது உப்புத் தண்ணீர் நெற்றியில் வழிந்து புருவத்தில் நிற்கும். லக்ஷனா துடைத்துவிடுவாள். பொத்தானை அழுத்தியதும் தோலில் சிறிது அரிக்கும். பிறகு ஒன்றும் இருக்காது.

"எப்படிம்மா இருக்கு?"

"ஒண்ணும் தெரியல."

"சூடு, வலி?"

"ஒண்ணும் தெரியல புள்ள."

லக்ஷனா வாசிப்பாள். அங்கம்மா திரும்பச் சொல்வாள். மூன்று. மூன்று. நான்கு. ஒன்பதாம் தடவை ஆறு. பன்னிரண்டாம் தடவை எட்டு. லக்ஷனா பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, எட்டும்மா," என்றாள். அங்கம்மா, "ஆமாவா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

வைகாசிக்குள் லயத்திலும் மாற்றம் தெரிந்தது. அடுப்பு கருகவில்லை. மாத்திரையை அங்கம்மாவே திரும்பக் கொடுக்கத் தொடங்கினாள். கருப்பம்மா எண்ணிப் பார்த்தபோது சரியாக இருந்தது. கிரிஷாந்தனின் சின்ன மகளுக்குப் பிறந்தநாள் என்று அவன் கூப்பிடும் முன்னால் அங்கம்மாவே போன் எடுத்துப் பேசினாள். அவன் அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

லிங்கம் இறங்கிக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து இரண்டு மாதத்தில் அந்த ஆறு சொல் மூன்றாகிவிட்டது. அங்கம்மாவை அங்கம்மா என்று தெரிந்தது. அவள் வயதானவள் என்பது மட்டும் பிடிபடவில்லை. "நீ ஏன் புள்ள இப்படித் தலைக்கி மாவு பூசியிருக்க?" என்று கேட்பார். அவள் நரைத்த தலையை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

புரட்டாசியில் டொக்டர் இருவரையும் வரச்சொன்னார். யாருக்கு எது என்று பட்டியல் வந்துவிட்டது. லக்ஷனாவும் இருந்தாள்.

"ஐயாவுக்குப் போனது நிஜக் கரண்ட் இல்ல," என்றார் டொக்டர். "அவரு கொஞ்சம் நல்லா இருந்தாரே, அது பயிற்சியால இருக்கலாம். வந்து போறது, பேசுறது, அதனாலயும் இருக்கலாம். அம்மாவுக்குத்தான் நிஜம்."

லிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கம்மா கேட்டாள்:

"மாத்தி வச்சிருக்கலாமுங்களா?"

"யாரு எந்தப் பக்கம்னு கம்பியூட்டர்தான் போடும்மா. நாங்க தொட ஏலாது." டொக்டர் பட்டியலை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அதோட, நீங்க ஒருத்தர் தேறினத வச்சு மெசின் வேல செய்யுதுன்னும் நான் சொல்ல ஏலாது. நிறையப் பேருக்கு நிஜக் கரண்ட் போயும் ஒண்ணுமே நடக்கல. ஒங்களுக்கு என்னா நடந்துச்சுன்னு எனக்கே சரியா வெளங்கல."

பொய்க் கரண்ட் கிடைத்தவர்களுக்கு, விரும்பினால் நிஜமானதை ஒரு தடவை கொடுப்பதாக முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கம்மா சரி என்றாள். ஐப்பசி மழையில் திரும்பவும் பஸ் ஏறினார்கள். ஆனால் லிங்கம் இப்போது வேறு ஆள். பஞ்சு தலையில் பட்டதும் கையால் தட்டிவிட்டார். லக்ஷனாவை யாரென்று தெரியவில்லை. "தலையில ஏன் தண்ணி ஊத்துற?" என்று கோபித்தார். அங்கம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நாள்களில் இருபது நிமிடம் உட்கார்ந்தார். அப்படி ஐந்து தடவை நடந்தது. ஆறாம் நாள் பட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழத் தொடங்கினார். லக்ஷனா மெசினை நிறுத்தினாள்.

"போதும்மா. ஐயாவ வருத்த வேணாம்," என்றாள்.

"சரி புள்ள." அங்கம்மா குனிந்து, தரையில் கிடந்த பஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். ஈரத்தைத் தன் சேலையில் துடைத்தாள். லிங்கத்துக்குத் திருநீறு பூசிவிட்டு வெளியே கூட்டிப்போனாள்.

தைப் பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள் லிங்கம் இறந்தார். சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கேதத்துக்கு வந்தவர்கள் வழக்கம்போல எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அங்கம்மா சொன்னாள். காலையில் ஆறரைக்கு எழுப்பியது, அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தது, ஒரு துண்டு ரொட்டி கேட்டு அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தது, ஏழேகாலுக்கு இருமல் வந்தது, கருப்பம்மாவைக் கூப்பிட்டது, லொறிக்குச் சொல்லிவிட்டது, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கை தளர்ந்தது. கையில் இருந்த ரொட்டி எந்தப் பக்கம் விழுந்தது என்பதும் தெரிந்திருந்தது. அடுத்து வந்தவர்களுக்கும் அதையே அதே வரிசையில் சொன்னாள். ஒரு நிமிடம் முன்பின் ஆகவில்லை. மாலைக்குள் முப்பது நாற்பது தடவை சொல்லியிருப்பாள். குரல் ஒரே மாதிரி இருந்தது.

கிரிஷாந்தன் சுவரோரம் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அங்கம்மா அவர்கள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "பாவி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடு," என்று கருப்பம்மா அவள் தாடையைப் பிடித்து உலுக்கினாள். அங்கம்மா உலுக்கக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போனதா என்று கேட்டாள்.

ஒரு வருசம் முடிந்ததற்கான பரிசோதனைக்கு லக்ஷனா போன் எடுத்துப் பேசியபோதுதான் லிங்கம் இறந்த விசயம் அவளுக்குத் தெரிந்தது. வர முடியுமா என்று தயங்கிக் கேட்டாள். வருகிறேன் என்று சொன்ன அங்கம்மா, சொன்ன நாளில் தனியாகப் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். ஒன்பது சொற்கள் சொன்னாள். அரை மணி கழித்து ஏழு.

லக்ஷனா தாளை மூடினாள். "அம்மா, ஐயாவுக்கு என்னா நடந்துச்சு?"

அங்கம்மா சொன்னாள். ஆறரை, தேத்தண்ணி, ரொட்டி, ஏழேகால். லக்ஷனா முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிமிர்ந்து அங்கம்மாவைப் பார்த்தாள். அந்தக் குரலை அவள் ஒரு வருசமாகக் கேட்டிருக்கிறாள். பதினைந்து சொற்களை அங்கம்மா திரும்பச் சொல்கிற அதே குரல்.

"அம்மா, அப்ப ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"மனசுல."

அங்கம்மா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "காலு மடக்கி ரொம்ப நேரம் ஒக்காந்தா மரத்துப் போகுமில்ல புள்ள. கிள்ளுனாலும் தெரியாது. அப்படி."

"அன்னைக்கி மட்டுமா?"

"இல்ல. அது ரொம்ப நாளா."

"எவ்வளவு நாளா?"

"தெரியலியே. நீ கேக்கும்போதுதான் நெனைக்கிறேன்."

லக்ஷனா எழுந்துபோய், போன வருசத்துக் கேள்வித்தாளை எடுத்து வந்தாள். இல்லை, இல்லை, இல்லை. அடியில் பூச்சியம், தன் கையெழுத்து. கவலையா, அழுகையா என்று கேட்டிருக்கிறாள். ஒன்றுமே தெரியவில்லையா என்று கேட்கிற கேள்வி அந்தத் தாளில் இல்லை. அவளும் கேட்கவில்லை. அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனாள்.

டொக்டர் தயாபரன் நெடுநேரம் அங்கம்மாவோடு பேசினார். கோச்சி ஸ்டேசன், ஒன்றரை வயதுப் பிள்ளை, எல்லாம் அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது. இதையும் நோயாகத்தான் பார்க்க வேண்டும், இதற்கும் மாத்திரை உண்டு, பேசிப் பார்க்கிற ஆளும் உண்டு என்றார். முன்னமே கண்டுபிடித்திருக்க வேண்டியது தங்கள் வேலை என்றும் சொன்னார். மறதியில் ஒரு பங்கு இதனாலும் வந்திருக்கலாம், அப்படியென்றால் அந்த எட்டுச் சொல் மெசினாலா வேறெதனாலா என்பது இன்னும் விளங்காமல் போகும் என்றார். கடைசியில் சொன்னது அவருடைய கவலை. அங்கம்மா கேட்டுக்கொண்டாள்.

பங்குனியிலிருந்து மாதம் ஒரு தடவை அவள் பதுளைக்குப் போகிறாள். மாத்திரை தூக்கம் தருகிறது. பேசிப் பார்க்கிற இடத்தில் நஸ்மியா என்ற அம்மா இருக்கிறார். அவர் கேட்கிறார், அங்கம்மா இரண்டு சொல்லில் பதில் சொல்கிறாள். சில நாள் நாலு சொல். ஒருநாள் மூத்த பிள்ளையின் பெயரைக் கேட்டார். அங்கம்மா சொல்லவில்லை. மறக்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

கிளினிக் முடிந்தால் ஏற்றத்தில் ஏறி மேல்மாடிக்கும் போய் லக்ஷனாவைப் பார்த்துவிட்டு வருவாள். மெசினை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லக்ஷனா தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் போனபோது லக்ஷனா கேட்டாள், "இப்ப எப்படிம்மா இருக்கு? ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"பெருசா ஒண்ணுமில்ல." அங்கம்மா கதிரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு மூணு வருசமா கறியில உப்பு இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது. கை அளவுலதான் போடுறது. போன கெழம உப்புக் கூடிப்போச்சுன்னு தெரிஞ்சுச்சு."

"அது நல்லதும்மா."

"கறி வீணாப் போச்சு. கருப்பம்மா வீட்டு நாய்க்குப் போட்டேன்."

லக்ஷனா சிரித்தாள். அங்கம்மா சிரிக்கவில்லை. லக்ஷனா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து மேசையில் வைத்தாள். லக்ஷனா அதை வாங்கிவைத்துவிட்டு, அடுத்த கிளினிக் நாளைத் துண்டில் எழுதித் தரப் பேனா தேடினாள்.

"எழுத வேணாம் புள்ள. ஆனி மாசம், பதினேழாந் தேதி, செவ்வாக்கெழம," என்றாள் அங்கம்மா. கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. அது பண்டாரவளையோடு நின்றுவிடுகிற பஸ். பெரகல பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.